ஈர விறகை வைத்துக்கொண்டு அடுப்பைக் குறை சொல்லலாமா?

வாசகர் கேள்வி - பதில்

கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கரில் தேயிலை வைத்திருக்கும் வாசகி ஒருவரின் கேள்வி: "வீட்டில் கேஸ் இருக்கிறது. ஆனாலும் குளிக்க வெந்நீர், சோறு, பருப்பு எல்லாம் விறகடுப்பில்தான். ஜூன் மாதம் மழை பிடித்துவிட்டால் சமையலறையில் நிற்க முடியாத அளவுக்குப் புகை. வெயில் காலத்தைவிட விறகும் இரண்டு மடங்கு ஆகிறது. புகையில்லா அடுப்பு என்று விற்கிறார்களே, அதை வாங்கினால் சரியாகிவிடுமா?"

வாங்கலாம், தப்பில்லை. ஆனால் ஈர விறகை வைத்தால் புது அடுப்பும் புகையத்தான் செய்யும். வெயில் காலத்தில் ஒழுங்காக எரிந்த அதே அடுப்பு மழைக்காலத்தில் இரண்டு மடங்கு விறகு கேட்கிறது என்றால், மாறியது அடுப்பு அல்ல, விறகு. அதனால் முதலில் விறகுக் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

வெட்டிய கையோடு எடைபோட்டால், கற்பூர மரமோ சீகையோ, எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர்தான். 10 கிலோ பச்சை விறகில் 5 கிலோ கட்டை, 5 லிட்டர் தண்ணீர். நன்றாகக் காய்ந்த விறகில் தண்ணீர் 5-ல் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். அதே 10 கிலோ அப்போது ஆறேகால் கிலோதான் நிற்கும். காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 3,400 கிலோ கலோரி சூடு தரும். பச்சை விறகு தருவது 1,900 மட்டும். மீதி எங்கே போகிறது? கொஞ்சம், எடையில் பாதி தண்ணீராக இருப்பதால். இன்னும் கொஞ்சம், அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதில். விறகுக்குள் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்ற ஆகும் சூட்டைக் கொண்டு, ஊட்டிக் குளிரில் 8 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஈர விறகு எரியும்போது இரண்டாவது ஒரு உலை விறகுக்குள்ளேயே கொதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இழப்பு இதோடும் நிற்பதில்லை. விறகு சூடேறும்போது, காய்ந்த எடையில் முக்கால் பங்குக்கு மேல் வாயுவாகத்தான் கிளம்புகிறது. அந்த வாயு தீப்பிடித்தால் சுடர், பிடிக்காவிட்டால் புகை. அடுப்புக்குள் ஈரம் ஆவியாகிக்கொண்டிருந்தால் சூடு ஏறாது, வாயுவும் பற்றாது. ஆக, கண்ணைக் கரிக்கிற புகை என்பது காசு கொடுத்து வாங்கிய, அல்லது முதுகில் சுமந்து வந்த விறகின் எரியாத பாகம். கூரையில் படியும் கரிப்பிசினும் அதுவேதான்.

விறகு காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? இரண்டு துண்டுகளை மோதினால் 'டங்' என்று ஒலிக்க வேண்டும், 'தொப்' என்று கேட்டால் ஈரம். வெட்டு முகத்தில் நடுவிலிருந்து ஓரம் வரை வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை தானாகக் கழன்று வரும். இதைவிட நிச்சயமான வழி, இலை நிறுக்கும் தராசு. அடுக்கின் நடுவிலிருந்து ஒரு கட்டையை எடுத்து சாக்பீஸால் அடையாளம் போட்டு, எடையை அதன் மேலேயே எழுதிவையுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். நின்றால் காய்ந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் எத்தனை மாதம் வைத்தாலும் இந்த மலைக் காற்றில் அது காயப் போவதில்லை.

நீலகிரியில் விறகு காய்வதற்கென்று ஒரு பருவம் உண்டு. வடகிழக்கு மழை விட்ட பிறகு, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. உறைபனி விழும் நாட்களில் இரவு குளிர் கடுமையாக இருந்தாலும் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்றில் ஈரம் குறைவாக இருக்கும். அந்த மாதங்களில் பிளந்து அடுக்கியதுதான் ஜூன் மழைக்கு உதவும். மே மாதம் வாங்கிய விறகை ஜூலையில் எரிக்க நினைத்தால் புகைதான் மிச்சம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையும் பலமாக இருப்பதால், அங்கே ஒரு வருஷத்துக்கான விறகு ஏப்ரல் முடிவுக்குள் கூரைக்குக் கீழே வந்துவிட வேண்டும்.

அடுக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. தொடை கனமுள்ள கற்பூரக் கட்டை பிளக்காமல் ஒரு வருஷம் கிடந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். கற்பூர மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். காய்ந்த பிறகு நார் முறுக்கிக்கொண்டு கோடரிக்குப் பிடிகொடுக்காது. மணிக்கட்டு கனத்துக்கு, அதாவது 2 முதல் 3 அங்குலத்துக்குள் பிளந்தால் போதும். தரையிலிருந்து அரை அடி உயரத்தில் கல் வைத்து, அதன்மேல் அடுக்குங்கள். மேலே தகரம் வேண்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். தார்ப்பாயைச் சுற்றிலும் போர்த்திக் கட்டுவது பல வீடுகளில் நடக்கிற தவறு. மழை உள்ளே போகாதுதான், ஆனால் விறகின் ஈரமும் வெளியே போகாது. பூஞ்சணம் பிடித்துக் கட்டை மக்கும்.

எந்த மரம் நல்லது என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. சீகை கனமான கட்டை, நின்று எரியும், நல்ல தணல் கொடுக்கும். சில்வர் ஓக் சீக்கிரம் காயும், சீக்கிரம் எரிந்தும் தீரும். பற்றவைக்கவும், அவசரச் சமையலுக்கும் அது சரி. கவ்வாத்துக் குச்சியைக் குறைவாக நினைக்க வேண்டாம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் மிலாறு என்று சொல்லும் அந்தத் தேயிலைக் கிளைகள் கெட்டியானவை, பிளக்கும் வேலை இல்லை, சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் கவ்வாத்து வெட்டிய எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. இலையும் சிறு குச்சியும் தோட்டத்திலேயே மூடாக்காகக் கிடக்கட்டும், விரல் கனத்துக்கு மேலுள்ளது மட்டும் அடுப்புக்குப் போதும். பெயின்ட் அடித்த பலகை, ஒட்டுப்பலகைப் பெட்டி, டயர், பிளாஸ்டிக், மருந்து டப்பா இவற்றை எரிப்பதை மட்டும் அடியோடு நிறுத்த வேண்டும். அந்தப் புகை விஷம்.

விறகைக் குறைப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரமானாலும், 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்காமல் வெட்ட முடியாது. அதனால் பல வீட்டுப் பெண்கள் சோலை ஓரத்திலும் எஸ்டேட் ஓரத்திலும் சுள்ளி பொறுக்கத்தான் போகிறார்கள். அங்கே காட்டெருமையும் கரடியும் நடமாடுவது மலைவாசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாதத்துக்கு இரண்டு சுமை குறைந்தால், அந்த வழியில் இரண்டு நடை குறைகிறது.

இனி அடுப்புக்கு வரலாம். சமவெளிக்காரர் சொல்லும் யோசனை மலையில் அப்படியே பலிக்காததற்கு ஒரு காரணம் உண்டு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. குன்னூரில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே அகலமுள்ள அடுப்பு வாய் வழியாக உள்ளே போகும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறையும். கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ நன்றாக எரிந்த அடுப்பை அதே அளவில் இங்கே போட்டால் மூச்சுத் திணறும். காற்று போகும் வழியை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பெரிதாக வைத்தால் சரியாக இருக்கும்.

வழியைப் பெரிதாக்குவது என்றால் வாயை இடித்துக் கட்டுவது மட்டுமல்ல. வாயை விறகால் அடைக்காமல் இருப்பதே பாதி வேலை. அடுப்பு வாயில் பாதியாவது எப்போதும் காலியாக இருக்க வேண்டும். நான்கு கட்டையைத் திணிப்பதற்குப் பதில் இரண்டை வைத்து, நுனி எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். விறகு தரையில் கிடந்து எரிந்தால் காற்று மேல் பக்கமாக மட்டும் போகும், அடியில் தணல் சாம்பலுக்குள் மூச்சடைத்துக் கிடக்கும். தரையிலிருந்து 2 அங்குல உயரத்தில் இரும்புக் கம்பிகளைச் சல்லடை மாதிரி வைத்து, அதன் மேல் விறகை வைத்தால் காற்று அடியிலிருந்து ஏறும். கொல்லுப்பட்டறையில் சொன்னால் செய்து கொடுப்பார்கள். பழைய கம்பித் துண்டுகள் நாலைந்து இருந்தால் வீட்டிலேயே பதித்துவிடலாம். தினமும் காலையில் சல்லடைக்கு அடியிலுள்ள சாம்பலை அள்ளிவிட வேண்டும், அள்ளாவிட்டால் சல்லடை இருந்தும் இல்லாத கதைதான். ஊதாங்குழலை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியிருந்தால், அடுப்புக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம். ஊதி ஊதிச் சமைப்பவருக்குத்தான் புகை முழுவதும் நெஞ்சுக்குள் போகிறது.

அடுத்தது பாத்திரத்துக்கும் தீக்கும் உள்ள தூரம். சுடரின் நுனி பாத்திரத்தின் அடியைத் தொட வேண்டும். பக்கவாட்டில் சுடர் எட்டிப்பார்த்தால் சூடு வெளியே போகிறது. பாத்திரம் மிகத் தாழ்ந்திருந்தால் சுடர் அதில் மோதி அணைந்து கரியாகப் படியும். விறகுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே முக்கால் சாண் முதல் ஒரு சாண் வரை இடைவெளி இருந்தால் பெரும்பாலான மண் அடுப்புகளுக்குப் பொருந்தும். குமிழ் முக்கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். உயரமான குமிழ் வைத்த அடுப்பில் வெளியே போகும் சூடு கொஞ்சநஞ்சமல்ல. பாத்திரத்துக்கு மூடி போட்டே ஆக வேண்டும், குளிர் பிரதேசத்தில் திறந்த பாத்திரம் சூட்டை வேகமாக இழக்கும்.

கனமான மண் சுவர் நல்லதா, கெட்டதா? இதில் மலைக்கு ஒரு நியாயம், சமவெளிக்கு ஒரு நியாயம். அரை அடி கனமுள்ள மண் சுவர், சமையல் தொடங்கி அரை மணி நேரம் வரை சூட்டைத் தானே குடித்துக்கொள்ளும். சமவெளியில் அது வெறும் நஷ்டம். ஊட்டியில் அந்தச் சூடு அறைக்குள் மெதுவாக இறங்கி இரவு வரை கதகதப்பைக் கொடுக்கும், அதனால் முழு நஷ்டம் என்று சொல்ல முடியாது. காலையில் காபிக்கும் இட்லிக்கும் மட்டும் அடுப்பு மூட்டும் வீட்டில், உள்பக்கம் மெல்லிய செங்கல் வளையம் கட்டி, அதற்கும் வெளிச்சுவருக்கும் நடுவே 2 அங்குல இடைவெளி விட்டு, காய்ந்த சாம்பலை நிரப்பிவிடலாம். சாம்பல் சூட்டை எளிதில் கடத்தாது. தீயின் உள்ளறை சீக்கிரம் சிவந்துவிடும், புகையும் அங்கேயே பற்றி எரியும். இன்று உலகம் முழுக்க 'ராக்கெட் அடுப்பு' என்று பேசப்படுவதன் சூட்சுமம் இதுதான். 1980-களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் லாரி வினியார்ஸ்கி என்பவர் வடிவமைத்தது அது. முழங்கை போல் வளைந்த சிறு அறை, சுற்றிலும் சூடு கடத்தாத பூச்சு, அடியில் காற்று வழி, நுனியில் மட்டும் எரியும் மெல்லிய விறகு. வேறு ரகசியம் எதுவும் இல்லை.

தமிழ் வீட்டு அடுப்பிலேயே ஒரு நல்ல யோசனை பழங்காலத்திலிருந்து இருக்கிறது: கொடி அடுப்பு. முதல் பாத்திரத்தைத் தொட்டுவிட்டு வீணாகப் போகும் சூட்டை இரண்டாவது வாய்க்குத் திருப்பும் ஏற்பாடு. பல வீடுகளில் கொடி அடுப்பு காலியாகக் கிடக்கிறது, அந்த ஓட்டை வழியாகப் புகை வீட்டுக்குள் வருகிறது. சமையல் நடக்கும்போதெல்லாம் அதன் மேல் ஒரு தவலைத் தண்ணீர் இருந்தால், குளிக்கும் வெந்நீரில் பெரும்பகுதி தனி விறகு இல்லாமலே கிடைக்கும். கோத்தகிரி வாசகி வீட்டில் விறகு அதிகம் போவது அனேகமாக வெந்நீருக்குத்தான் இருக்கும். அங்கே கைவைத்தால் பலன் உடனே தெரியும்.

உயரத்தின் இன்னொரு விளைவு சோறு, பருப்பு வேகும் நேரம். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குன்னூரில் 94 டிகிரி. அதற்கு மேல் எவ்வளவு விறகு தள்ளினாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். கொதி வந்ததும் விறகைப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும், தளதளவென்று கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் அரிசிக்கு ஒரே சூடுதான். துவரை, ராஜ்மா, மொச்சை போன்றவற்றை இரவே ஊறவைத்துக் குக்கரில் வைப்பதுதான் மலைக்குச் சரியான வழி. குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் ஊட்டியிலும் 115 டிகிரியைத் தாண்டும். பருப்பைக் கேஸில் குக்கரிலும், வெந்நீரை விறகிலும் வைப்பது நல்ல பங்கீடு. கணக்கும் அதையே சொல்கிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் வேலைக்குச் சாதாரண விறகடுப்பில் காய்ந்த விறகு ஏறத்தாழ 200 கிலோ வேண்டும். அடுப்பைச் சீர்செய்தால் 120 கிலோ. பச்சை விறகாக இருந்தால் 350 கிலோவுக்கும் மேல்.

கடையில் வாங்குவதாக இருந்தால், ஐ.எஸ். 13152 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரத்தின்படி, விசிறி இல்லாத அடுப்பு விறகின் சூட்டில் குறைந்தது 25 சதவீதத்தையாவது பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். விசிறி வைத்ததென்றால் 35 சதவீதம். மூன்று கல் அடுப்பு கொடுப்பது 10 முதல் 15 சதவீதம்தான். வீட்டுப் பாத்திரத்தைக் கையோடு கொண்டுபோய் அடுப்பில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். தவலை நிற்காத அடுப்பு பரணுக்குத்தான் போகும்.

சீர்செய்ததும் பலன் இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை. 5 லிட்டர் குளிர்ந்த தண்ணீரை மூடி போட்டுக் கொதிக்க வையுங்கள். எரிக்கும் முன் விறகை நிறுத்து, கொதித்ததும் மீதியை நிறுத்துப் பாருங்கள். 15 சதவீத அடுப்பில் காய்ந்த விறகு முக்கால் கிலோ ஆகும். 25 சதவீத அடுப்பில் அரை கிலோவுக்கும் குறைவு. ஒரு கிலோவைத் தாண்டினால் விறகு ஈரம், அல்லது காற்று வழி அடைப்பு. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒருமுறை செய்து பார்த்தால், எது உதவியது என்று தராசே சொல்லிவிடும்.

பந்தலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எஸ்டேட் லைன் வீடு. தகரக் கூரை. புகைபோக்கி வைத்தோம். ஆறு மாதம் நன்றாக இழுத்தது. இப்போது கறுப்புத் தண்ணீர் சொட்டுகிறது, புகையும் திரும்பி வீட்டுக்குள்ளேயே வருகிறது. எடுத்துவிடலாமா?"

எடுக்க வேண்டாம். சுத்தம் செய்தால் போதும். சொட்டுவது தண்ணீர் மட்டுமல்ல, புகையிலுள்ள தாரும் கலந்தது. வெளியே மூடுபனியில் நனைந்து குளிர்ந்திருக்கும் தகரக் குழாயில் சூடான புகை பட்டதும் அது படிந்துவிடுகிறது. ஈர விறகு எரித்தால் இன்னும் அதிகம். கெட்டியாகப் படிந்த கரி ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கவும் கூடும், தகரக் கூரைக்கு அடியில் மரச்சட்டம் இருக்கும் வீட்டில் அது பெரிய ஆபத்து. மழை மாதங்களில் மாதம் ஒருமுறை, மற்ற நாட்களில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நீளக் குச்சியில் சாக்குத்துணி சுற்றி உள்ளே விட்டுத் துடைத்துவிட வேண்டும். குழாயின் அடியில் திறந்து மூடும் வாய் வைத்தால் கூரையில் ஏறும் வேலை குறையும்.

குழாய் எவ்வளவு தூரம் வீட்டுக்குள் ஓடுகிறதோ அவ்வளவு நல்லது. சூடாக இருக்கும் குழாய் நன்றாக இழுக்கும், அறையும் கதகதப்பாகும். வெளியே நிற்கும் பாகம் கூரையின் முகட்டைவிட 2 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். உயரம் குறைந்தால், சரிவில் அடிக்கும் காற்று கூரையில் மோதிப் புகையைத் திருப்பித் தள்ளும். சமவெளியில் 4 அங்குலக் குழாய் போதும் என்பார்கள். காற்று மெலிந்த இந்த உயரத்தில் 5 அங்குலம் வையுங்கள். கூடவே, குழாயில் ஒரு தகட்டுத் தடுப்பும் வேண்டும். தடுப்பு இல்லாத புகைபோக்கி, புகையோடு சேர்த்துச் சூட்டையும் இழுத்துக்கொண்டு போய்விடும். தீ நன்றாகப் பற்றிய பிறகு தகட்டைப் பாதி தள்ளி வையுங்கள். விறகு எரியும் வரை முழுவதும் மூடவே கூடாது.

புகைபோக்கி வைத்த அடுப்பு இந்த நாட்டுக்குப் புதிதல்ல. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா முன்னின்று நடத்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் வார்தா மகன்வாடியிலிருந்து மகன் அடுப்பு வந்தது. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு, புகையில்லா சமையலறை பற்றி எழுதிய புத்தகம் 1953-ல் சென்னையில் அச்சானது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1980-களில் அஸ்த்ரா ஒலே என்ற மூன்று வாய் அடுப்பு உருவானது. மத்திய அரசு 1983 முதல் 2002 வரை கோடிக்கணக்கான வீடுகளுக்கு மேம்பட்ட அடுப்பு கொடுத்தது. அவற்றில் ஏராளமானவை சில வருஷங்களுக்கு மேல் நிற்கவில்லை. வடிவத்தில் பெரிய கோளாறு என்று சொல்ல முடியாது. கட்டியவர் போன பிறகு குழாயைச் சுத்தம் செய்ய யாருக்கும் சொல்லித் தரவில்லை, வீட்டுப் பாத்திரத்துக்கு வாய் பொருந்தவில்லை, உடைந்தால் சரிசெய்ய ஆள் இல்லை. பந்தலூர் வாசகர் வீட்டில் நடந்ததும் அதன் சிறிய வடிவம்தான்.

ஊட்டி அருகே கேரட் பயிரிடும் ஒரு வாசகரின் கேள்வி: "டிசம்பர், ஜனவரியில் குளிர் தாங்கவில்லை. சமையல் முடிந்ததும் தணலை இரும்புச் சட்டியில் அள்ளிப் படுக்கையறையில் வைத்துக்கொள்கிறோம். புகை இல்லாத கரிதான். குழந்தைகள் இருக்கிறார்கள், பரவாயில்லையா?"

வேண்டாம். இன்றிரவே நிறுத்திவிட வேண்டும்.

புகை தெரியவில்லை என்பதுதான் இதில் மோசம். சிவந்த தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை, கண்ணைக் கரிப்பதும் இல்லை. அது ரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தூக்கத்தில் இருப்பவருக்கு மூச்சு முட்டுவதாகக்கூடத் தெரியாது. குளிருக்காகக் கதவு, ஜன்னல், இடுக்கு எல்லாம் அடைத்த சிறிய அறையில் ஒரு சட்டித் தணல் போதும், விடியும்போது எழுந்திருக்க முடியாமல் போவதற்கு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிர்காலத்தில் இப்படி உயிர்போன செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. பெரியவர்களைவிடக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் இது வேகமாகத் தாக்கும்.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல், காரணமில்லாத அசதி ஒரே நேரத்தில் வீட்டில் இரண்டு பேருக்கு வந்தால், முதலில் கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். மயங்கியவரைத் தூக்கிக்கொண்டு வெளிக்காற்றுக்கு வந்த பிறகு 108-ஐக் கூப்பிடுங்கள். தண்ணீர் தெளித்துப் பார்த்துக்கொண்டு அறைக்குள்ளேயே நிற்கக் கூடாது.

குளிருக்கு வேறு வழிகள் உண்டு. சமையலறையில் புகைபோக்கி வைத்த அடுப்பைச் சுற்றி மாலையில் உட்கார்ந்து, தணல் முழுவதும் அவிந்த பிறகு படுக்கப் போகலாம். கொடி அடுப்பில் சூடான தண்ணீரை ரப்பர் வெந்நீர்ப் பையிலோ, மூடி இறுகிய எவர்சில்வர் பாட்டிலிலோ ஊற்றித் துணி சுற்றிக் கம்பளிக்குள் வைத்தால் வெகுநேரம் கதகதப்பு நிற்கும். ஓட்டுக்கும் தகரத்துக்கும் கீழே பலகைத் தட்டி அடிப்பது ஒருமுறைச் செலவு, ஆனால் மேலே ஏறும் சூட்டை அது அறைக்குள் நிறுத்திவைக்கும். தணல் சட்டியைத்தான் வைத்தாக வேண்டும் என்றால் வாசலிலோ திண்ணையிலோ, விழித்திருக்கும்போது மட்டும்.

சாதாரணப் புகையையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தார் தமிழகக் கிராமங்களில் சமையலறைப் புகையை அளந்தபோது, அடுப்படியில் நிற்பவர் மட்டுமின்றி, விறகு எரிக்கும் வீட்டில் சமைக்காமல் இருப்பவர்களும் அதைச் சுவாசிப்பது தெரியவந்தது. கூரைக்குக் கீழே, அடுப்புக்கு நேர் எதிரே ஒரு அடிக்கு ஒரு அடி திறப்பு வைத்தாலும் புகையில் ஒரு பகுதி வழி கண்டுபிடித்துப் போய்விடும். குளிர் வருமே என்று அதை அடைக்கிறார்கள். சமைக்கும்போது திறந்து, முடிந்ததும் மூடுகிற மாதிரி ஒரு பலகை போட்டுக்கொள்ளலாம்.

அதே வாசகர் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: "அடுப்புச் சாம்பலைத் தேயிலைக்குப் போடலாமா, கேரட்டுக்குப் போடலாமா?"

தேயிலைக்குப் போடக் கூடாது. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை. விறகுச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம், மண்ணின் புளிப்பை அது குறைத்துவிடும். கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், பூண்டுக்கு மலை மண் பெரும்பாலும் அளவுக்கு மீறிய புளிப்பு, அங்கே சாம்பல் நல்லது. சுண்ணாம்போடு பொட்டாஷும் கிடைக்கும். உருளைக்கிழங்குப் பாத்திக்கு மட்டும் வேண்டாம், மண்ணின் புளிப்பு குறைந்தால் கிழங்கில் சொறி நோய் கூடும். யூரியாவோடு கலந்தும் தூவக் கூடாது, தழைச்சத்து வாயுவாகப் போய்விடும். எருக்குழியில் அடுக்கடுக்காக மெல்லத் தூவி, எருவோடு சேர்த்துப் போடுவது பாதுகாப்பான முறை. மழையில் நனைந்த சாம்பலில் பொட்டாஷ் கரைந்து போயிருக்கும். அதனால் அள்ளும் சாம்பலை மூடியுள்ள தகர டின்னில், தணல் முழுவதும் அவிந்த பிறகு சேர்த்துவையுங்கள். குன்னூர் உபாசி வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ மண் பரிசோதனைக்கு விசாரித்து, கார அமில நிலையைத் தெரிந்துகொண்ட பிறகு அளவை முடிவு செய்யலாம்.